ஸ்டீரியோ பல்பு நீங்கலாக: பழைய ரிசீவர்களின் விளக்கு மாற்றம் பற்றி ஓர் ஆய்வு

அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகும் சாலையில் இருக்கிறது ஆவுடையார்கோவில். அந்தச் சாலையோரத்து ஊர்களில், சபுர் (வெளிநாட்டுப் பயணம்) போய் வந்தவர்களின் வீட்டு ஷோகேஸிலோ பரண்மேலோ ஒரு ஜப்பான் செட் இன்றும் கிடக்கும். முன்பக்கம் அலுமினியத் தகடு, நடுவில் நீளக் கண்ணாடி டயல், இரண்டு பக்கமும் மரப்பலகை. பிளக்கைச் சொருகினால் முதலில் கரகரக்கும், வால்யூமை நாலு தடவை திருகினால் பாட்டும் வந்துவிடும். டயல் மட்டும் இருட்டாக இருக்கும். "செட்டு நல்லாத்தான் பாடுது தம்பி, கண்ணுதான் தெரியல" என்பார்கள்.

அந்தக் கண்ணை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஒரு பல்பைக் கழற்றி இன்னொன்றைப் போடுகிற வேலைதானே என்று தோன்றும். ஆனால் பழைய செட் பிரியர்களிடையே இதைவிடச் சூடான தகராறு குறைவு. பழைய இழை பல்பையேதான் போட வேண்டும் என்பது ஒரு கட்சி. எல்இடி போட்டுவிட்டுத் தலைவலி இல்லாமல் இரு என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: அந்த விளக்கு அங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது?

ஒரு ரிசீவருக்குள் மூன்று வகை விளக்குகள் இருக்கின்றன. டயலையும் மீட்டரையும் பார்க்க வெளிச்சம் கொடுப்பது காட்டும் விளக்கு. பவர் வந்துவிட்டது, ஸ்டீரியோ கிடைத்துவிட்டது என்று செய்தி தருவது சொல்லும் விளக்கு. மின்சுற்றின் ஓர் உறுப்பாகவே நின்று மின்னோட்டத்தைச் சுமப்பது உழைக்கும் விளக்கு. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. தகராறில் பாதி, எந்த வகையைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவுபடுத்தாததால் வருவது.

செட்டு வந்த வழி

இந்தக் கரையிலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போக்குவரத்து பழையது. ராஜுலா கப்பல் 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம்வரை ஓடியது. அதற்குப்பின் எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் தீப்பிடிக்கும்வரை, நாகப்பட்டினத்தைத் தொட்டுப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை ஏற்றி இறக்கியது. திரும்பி வந்தவர்களின் பெட்டிகளோடு பயோனியர், சான்சுய், அகாய், நேஷனல் பானாசோனிக் என்று செட்டுகளும் இறங்கின. பின்னாளில் வளைகுடா நாடுகளிலிருந்து விமானத்தில் வந்தன. 1978இல் வெளியான ‘ப்ரியா’ படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. கதையும் சிங்கப்பூரில் நடப்பது. அதைக் கேட்க இரண்டு ஸ்பீக்கர் வைத்த செட் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் பலர்.

ஆனால் அந்த ரிசீவர்கள் இங்கே தம் திறமையில் பாதியைக் காட்டவே வாய்ப்பில்லாமல் இருந்தன. டயலில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும், மத்திய அலைக்கு ஒன்று, எஃப்எம்முக்கு ஒன்று. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸில் வரும். இலங்கை வானொலியும் கடல் தாண்டித் தெளிவாகக் கேட்கும். எஃப்எம் பக்கம் வெறும் இரைச்சல்தான். இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலையில் சென்னையில் தொடங்கியது உண்மை; அது ஆவுடையார்கோவில்வரை எட்டாது. கோடைப் பண்பலையும், கடலுக்கு அப்பாலிருந்து சக்தி, சூரியன் போன்ற இலங்கை நிலையங்களும் தென் மாவட்டக் காதுகளில் விழுந்தது 1990களில்.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. டயலின் ஓரத்தில் ‘ஸ்டீரியோ’ என்று எழுதிய சின்னச் சிவப்புச் சன்னல் ஒன்று இருக்கும். அதன் பின்னால் உள்ள பல்பு, எஃப்எம் நிலையம் ஸ்டீரியோவில் ஒலிபரப்பினால்தான் எரியும். கேசட் போட்டால் எரியாது. ஆகவே 1979இல் வந்து இறங்கிய செட்டில், டயல் பல்புகள் மூன்று தடவை மாற்றப்பட்டிருந்தாலும், ஸ்டீரியோ பல்பு ஆலையில் வைத்த கன்னி பல்பாகவே இருக்கும். பழுது பார்ப்பவர் அதையும் சேர்த்து ‘எல்லாவற்றையும் புதுசாக’ மாற்றினால், செட்டிலேயே புதிதாக இருந்த பல்பைத் தூக்கிப் போட்டவர் ஆவார்.

பல்பு ஏன் போகிறது

இழை பல்பு எரிவது டங்ஸ்டன் கம்பி வெள்ளையாகக் காய்வதால். காயக் காய டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் கறுப்பாகப் படியும். கம்பி எங்கே மெலிகிறதோ அங்கே அதிகம் சூடாகும், மேலும் மெலியும். குளிர்ந்த இழையின் மின்தடை, காய்ந்த இழையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். சுவிட்சைப் போட்ட நொடியில் பாய்கிற மின்னோட்டம் அதனால் பல மடங்கு. பெரும்பாலான பல்புகள் போட்ட கணத்தில் ‘பளிச்’ என்று போவதன் காரணம் இதுதான்.

இதைவிட முக்கியமான கணக்கு வோல்டேஜ் சம்பந்தப்பட்டது. இழை பல்பின் ஆயுள், வோல்டேஜின் ஏறத்தாழ 12ஆம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். வெளிச்சம் 3.4ஆம் அடுக்கில் ஏறி இறங்கும். படிக்கச் சிக்கலாகத் தெரியும்; பலன் எளிது. வோல்டேஜை 10 சதவீதம் குறைத்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும், ஆயுள் மூன்றரை மடங்காகும். 10 சதவீதம் கூட்டினால் வெளிச்சம் 38 சதவீதம் கூடும், ஆயுள் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும்.

இதை நம் ஊர் மின்சாரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 6 சதவீதம் ஏறலாம் இறங்கலாம் என்பது விதி. அதாவது 244 வரை சட்டப்படியே வரலாம். பம்புசெட் ஓடும் நேரத்தில் ஃபேன் சுற்றவே மூச்சு வாங்கும்; ஊர் அடங்கிய பிறகு வோல்டேஜ் ஏறும். பாட்டுக் கேட்பதோ பெரும்பாலும் ராத்திரியில். வெளிநாட்டுக்கு என்று செய்த ரிசீவரின் முதுகில் வோல்டேஜ் தேர்வு ஒன்று இருக்கும்: 100, 117, 220, 240 என்று. பலர் வீட்டில் அது 220இல் நிற்கும். 220இல் நிற்கும் செட்டுக்கு 244 வந்தால் உள்ளே எல்லாப் பல்புக்கும் 11 சதவீதம் அதிகம். வெளிச்சம் 40 சதவீதத்துக்கு மேல் கூடும், ஆயுள் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதே செட்டை 240க்கு மாற்றிவிட்டால் பல்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு காலம் உழைக்கும். செலவு ஒரு ஸ்குரூ டிரைவர். மாற்றும்முன் பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பல்பு மாற்றுவது பற்றிய எந்த ஆலோசனையும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ‘போன தடவை போட்ட பல்பு ஆறு மாசம்கூட வரவில்லை, கம்பெனி சரியில்லை’ என்று குறை சொல்பவர்களில் பலர் செட்டின் முதுகைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பல்பா, பல்புக்குப் போகிற வழியா

அறந்தாங்கிப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் நான் கற்றுக்கொண்டது ஒரே பாடம். எரியாத டயலோடு செட்டைக் கொண்டுபோய், "அண்ணே, பல்பு போயிருச்சு" என்றேன். பல்பை எடுத்து மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தார். முள் அசைந்தது. "பல்பு போகலப்பா, பல்புக்குப் போற வழிதான் போச்சு" என்றார். ஹோல்டரின் பித்தளைக் கவ்வியில் பச்சைக் களிம்பு. தீக்குச்சி முனையில் நைஸ் எமரித்தாளைச் சுற்றி நாலு தேய்ப்பு, கொஞ்சம் காண்டாக்ட் கிளீனர், கவ்வியை விரல் நகத்தால் லேசாக நெருக்கி வைத்தார். டயல் எரிந்தது. கூலி வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார்.

கடற்கரைக்குப் பக்கத்து ஊர்களில் உப்புக்காற்று செய்கிற வேலை இது. ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: பல்பை எடுத்து அதன் தொடர்ச்சியைப் பார்ப்பது, ஹோல்டரில் வோல்டேஜ் வருகிறதா என்று பார்ப்பது, வரவில்லையென்றால் ஃபியூஸும் ஒயரும், அதற்குப் பிறகுதான் கடைக்குப் போவது. பல்பு இல்லாத ஹோல்டரில் அளக்கும்போது 8 வோல்ட் என்று எழுதிய இடத்தில் 9 காட்டலாம். சுமை இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் அப்படித்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு 9 வோல்ட் பல்பு தேடி அலைய வேண்டாம்.

காட்டும் விளக்குகள்: என்ன போடலாம்

1970களின் ஜப்பான் ரிசீவர்களில் டயலுக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் கண்ணாடி ஃபியூஸ் வடிவப் பல்புகள். இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி, நடுவில் நீண்ட இழை. 8 வோல்ட், 250 அல்லது 300 மில்லி ஆம்பியர். ஒவ்வொன்றும் இரண்டு வாட்டோ அதற்குமேலோ சூடு கக்கும். மூன்று நான்கு பல்புகள் வரிசையாக இருந்தால், பின்னாலுள்ள காகிதம் பழுப்பாகும், பிளாஸ்டிக் நெளியும். மீட்டர்களுக்கும் முள்ளுக்கும் ஒயர் முளைத்த கோதுமை மணி அளவுப் பல்புகள் இருக்கும். வால்வு ரேடியோக்களில் 6.3 வோல்ட் பல்புகள், திருகு அல்லது பயனெட் அடியோடு. அமெரிக்க எண்முறையில் 44ஆம் எண் பல்பு 250 மில்லி ஆம்பியர் எடுக்கும், 47ஆம் எண் 150தான். இரண்டும் வெளித் தோற்றத்தில் ஒன்றே. இழையைத் தாங்கும் சின்னக் கண்ணாடி மணியைப் பார்த்தால் தெரிந்துவிடும்: 44க்கு நீலம், 47க்கு பழுப்பு. ஆயிரம் ரேடியோ பார்த்த மெக்கானிக்குகள் பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது இந்த மணியைத்தான்.

அதே அளவு பல்பு கிடைத்தால் அதைப் போடுவதே நல்லது என்பதில் சந்தேகமில்லை. கிடைப்பதுதான் சிரமம். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கலாம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். கிடைக்காத காலத்தில் நம் மெக்கானிக்குகள் கண்டுபிடித்த மாற்றுகள் தனி ஆய்வுக்கு உரியவை.

திருவிழா சீரியல் செட்டிலிருந்து கழற்றிய பல்பு முதலாவது. 230 வோல்ட்டை 40 பல்புகள் பங்கு போட்டால் ஒன்றுக்கு 5.75 வோல்ட். ஆகவே 6.3 வோல்ட் ஹோல்டரில் அது கொஞ்சம் மிஞ்சி எரியும், சீக்கிரம் போகும். 8 வோல்ட்டில் இன்னும் சீக்கிரம். டார்ச் பல்பு 2.5 வோல்ட்டுக்கானது; 8 வோல்ட்டில் வைத்தால் ஒரு மின்னலோடு முடிந்துவிடும். சைக்கிள் டைனமோவின் பின்விளக்கு பல்பு 6 வோல்ட், வால்வு ரேடியோவுக்குச் சமாளிக்கும். மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் மீட்டர் பல்பை 8 வோல்ட்டில் போட்டால், தன் முழு வெளிச்சத்தில் கால் பங்குதான் தரும். ஆனால் வீட்டுக்காரர் ஆயுள் முடியும்வரை எரியும். மீட்டர் சன்னலுக்கு அந்த மங்கல் போதும், சூடும் குறைவு.

காரின் கூரை விளக்கிலிருக்கும் நீளப் பல்பு, ஃபியூஸ் பல்புபோலவே தெரிவதால் பலருக்கும் ஆசை காட்டும். 12 வோல்ட் 5 வாட் ரகத்தை 8 வோல்ட்டில் போட்டால் எடுக்கும் மின்னோட்டம் பழைய பல்புக்கு நெருங்கி வரும். கொஞ்சம் மங்கல் என்றாலும் பாதகமில்லை. 10 வாட் ரகம் கூடாது. டிரான்ஸ்ஃபார்மரின் அந்தச் சுற்றுக்குச் சுமை இரட்டிக்கும், டயலின் பிளாஸ்டிக் உருகும். கார் பல்பின் முனைகள் கூம்பாக இருக்கும், ஃபியூஸ் பல்பின் முனைகள் உருளையாக இருக்கும். கவ்வியை வளைத்துத் திணிப்பவர்கள், பிறகு ஒருநாள் சரியான பல்பு கிடைத்தாலும் போட முடியாமல் செய்துவிடுகிறார்கள்.

புதிய இழை பல்பைப் போடும்போதே அதன் ஆயுளைக் கூட்ட ஒரு சுலபமான வழி உண்டு. 8 வோல்ட் 300 மில்லி ஆம்பியர் பல்பு ஒன்றுக்கு வரிசையில் 2.7 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் சேர்த்தால் ஏறத்தாழ 10 சதவீத வோல்டேஜ் அதில் விழுந்துவிடும். மூன்றரை மடங்கு ஆயுள். வெளிச்சம் குறைகிறதே என்றால், குறையட்டும். இருட்டறையில் பார்ப்பதற்காகச் செய்த டயல் அது. டியூப்லைட் வெளிச்சத்தோடு போட்டிபோட அல்ல.

எல்இடி கட்சியின் நியாயமும் அநியாயமும்

1962இல் நிக் ஹொலோனியாக் சிவப்பு எல்இடியைக் காட்டினார். பிரகாசமான நீலத்துக்கு 1990கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது வந்த பிறகுதான் வெள்ளை எல்இடி சாத்தியமானது. அந்த நீலத்துக்காக 2014இல் ஜப்பானில் பிறந்த மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, 1975இல் ரிசீவர் வடிவமைத்தவர் முன்னால் வெள்ளை எல்இடி என்ற தேர்வே இல்லை. அவர் தேர்ந்தெடுத்த வண்ணத் தாள், பிளாஸ்டிக், மை எல்லாமே இழை பல்பின் மஞ்சள் வெளிச்சத்தை மனத்தில் வைத்து வந்தவை.

இதை மறந்து நான் செய்த தவறு ஒன்று. எங்கள் வீட்டு செட்டில் பல்புக்குப் பதிலாகக் கடையில் ‘கூல் வைட்’ என்று கேட்டு வாங்கிய எல்இடிகளைப் போட்டேன். டயலுக்குப் பின்னால் இளநீலத் தாள். பழைய பல்பின் மஞ்சள் அந்தத் தாளைக் கடந்தபோது சாயங்கால வானம்போல் ஒரு நிறம் வந்துகொண்டிருந்தது. புதிய எல்இடியில் அது ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. சிவப்பு முள் செத்துப்போய்ப் பழுப்பாகத் தெரிந்தது. வண்ணத் தாள் எந்த நிறத்தையும் உண்டாக்காது, இருப்பதில் கழிக்க மட்டுமே செய்யும். விளக்கில் சிவப்பு குறைவாக இருந்தால் முள்ளில் சிவப்பு எங்கிருந்து வரும்? 2700 கெல்வின் ‘வார்ம் வைட்’ போட்டபிறகுதான் வீட்டில் உள்ளவர்கள் சமாதானமானார்கள்.

இரண்டாவது சிக்கல் திசை. இழை பல்பு எல்லாப் பக்கமும் பரவும். எல்இடி ஒரு பக்கமாகக் குவியும். நேராக டயலைப் பார்க்க வைத்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், நடுவில் இருட்டு. எல்இடியைப் பின்புறப் பிரதிபலிப்பானைப் பார்க்கத் திருப்பி வைத்து, முன்னால் புதிய பட்டர் பேப்பர் ஒட்டினால் வெளிச்சம் சீராகும்.

மூன்றாவது மின்சாரம். டயல் பல்புகளுக்குப் போவது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ஏசி. எல்இடி அதில் ஒரு பக்க அலைக்கு மட்டும் எரிந்து நொடிக்கு 50 தடவை துடிக்கும். மறுபக்க அலையின் எதிர் வோல்டேஜைத் தாங்கவும் செய்யாது. நாலு டையோடு வைத்துத் திருத்தி, ஒரு மின்தேக்கி போட வேண்டும். 8 வோல்ட் ஏசியின் உச்சி 11.3, டையோடுகளில் 1.4 போக 9.9 மிஞ்சும். இரண்டு வெள்ளை எல்இடிகளை வரிசையாகப் போட்டால் அவை 6 வோல்ட் எடுக்கும். மீதி 3.9 வோல்ட்டில் 10 மில்லி ஆம்பியர் பாய 390 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். கடையில் நேராகக் கிடைக்கும் மதிப்பு அது.

ரெடிமேடாகக் கிடைக்கும் கார் எல்இடிகளைப் போட்டால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை என்பார்கள். ஆனால் அவற்றில் சிலவற்றின் உள்ளே வேகமாக அணைத்து எரிக்கும் சுற்று இருக்கும். அது மத்திய அலையில் ‘கர்ர்’ என்று வந்து உட்காரும். வெளிச்சம் வந்து திருச்சி வானொலி போய்விட்டால் அது என்ன பழுதுபார்ப்பு?

இத்தனைக்கும் பிறகு எல்இடிக்கு ஒரு பெரிய நியாயம் இருக்கிறது: சூடு இல்லை. ஏற்கெனவே பிளாஸ்டிக் நெளிந்து, தாள் கருகி, எழுத்து உதிரத் தொடங்கிய டயலுக்கு மறுபடி இரண்டு வாட் பல்பு வைப்பது அதன் ஆயுளைக் குறைப்பது. அங்கே வார்ம் வைட் எல்இடி போடுவதே பழமைக்குச் செய்யும் மரியாதை. டயல் நன்றாக இருக்கிற செட்டில் அந்த நியாயம் செல்லாது.

சொல்லும் விளக்குகள்: பொய் சொல்லக் கூடாது

காட்டும் விளக்கில் அழகு முக்கியம். சொல்லும் விளக்கில் உண்மை முக்கியம்.

ஸ்டீரியோ ஒலிபரப்பில் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் சமிக்ஞை ஒன்று கூடவே வரும். ரிசீவர் அதைக் கண்டுகொண்டதும் ஒரு டிரான்சிஸ்டரோ ஐசியோ சின்னப் பல்பை எரிக்கும். அந்த டிரான்சிஸ்டர் சில பத்து மில்லி ஆம்பியரைத் தாங்கவே செய்யப்பட்டது. அங்கே கையில் அகப்பட்ட டார்ச் பல்பைப் போட்டால் பல்பு பிழைக்கும், ஐசி போய்விடும். அந்த ஐசிகள் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. பத்து ரூபாய் மிச்சம் பிடித்து செட்டின் எஃப்எம்மையே இழப்பது இந்த இடத்தில்தான்.

எல்இடியும் இங்கே ஓர் உண்மைச் சிக்கலைக் கொண்டுவரும். இழை பல்பு ஒரு மில்லி ஆம்பியருக்கு அசையாது. எல்இடி அதற்கே மினுங்கும். சில சுற்றுகளில் விளக்கு அணைந்திருக்கும்போதும் சிறு கசிவு இருக்கும். அங்கே எல்இடி போட்டால், மோனோ நிலையத்திலும் மங்கலாகச் சிவப்பு தெரியும். விளக்கு பொய் சொல்கிறது. எல்இடிக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் வைத்து அந்தக் கசிவை வடித்தால் சரியாகும். இன்னொன்று, சமிக்ஞை வலுவில்லாதபோது இழை சூடாகி ஆறச் சற்று நேரம் எடுப்பதால் பழைய பல்பு நிதானமாக எரியும். எல்இடி ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் கண் சிமிட்டும். சிலருக்கு அது குறை. ஆண்டெனாவைத் திருப்பிச் சரிசெய்கிறவருக்கு அது உதவி.

நியான் பல்பும் இந்த வகைதான். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரில் மின்னுகிற அதே ஆரஞ்சு. பழைய ஆம்ப்ளிஃபயர்கள் சிலவற்றில் பவர் விளக்காக இருக்கும். வயதானால் கண்ணாடி கறுத்து, நடுங்கி எரியும். அதற்குப் பதில் நியானையே போட வேண்டும், கூடவே உள்ள பெரிய மதிப்பு ரெசிஸ்டரையும் விட்டுவிடாமல். ரெசிஸ்டர் இல்லாமல் நேராக 230இல் இணைத்தால் வெடிக்கும்.

உழைக்கும் விளக்குகள்

மூன்றாவது வகை ஸ்டீரியோ ரிசீவர்களில் அபூர்வம், அவற்றின் அப்பன் தலைமுறையான வால்வு ரேடியோக்களில் சகஜம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி ரேடியோக்களில் எல்லா வால்வுகளின் ஹீட்டரும் சீரியல் செட் மாதிரி ஒரே வரிசையில் இருக்கும். அமெரிக்க செட்டுகளில் 35இசட்5 ரெக்டிஃபயர் வால்வின் ஹீட்டரில் ஒரு பகுதிக்குக் குறுக்கே டயல் பல்பு நிற்கும். பல்பு போய்விட்டால் அது சுமந்த பங்கு முழுவதும் ஹீட்டரின் அந்தத் துண்டின்மேல் விழும். பல்பு இல்லாமல் ஓட்டினால் நாளடைவில் வால்வும் போகும். அங்கே 47ஆம் எண் பல்பு என்றால் 47தான். 44 போட்டாலும் கணக்கு மாறும், எல்இடி போட்டால் கணக்கே இல்லை. இந்த வகை விளக்குக்கு எந்தச் சலுகையும் கொடுக்க முடியாது.

இந்த ரேடியோக்களில் இரும்புச் சட்டமே நேராக மின்கம்பியோடு இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டத்தில் ஃபேஸ். பல்பு மாற்றும்முன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

கொடுங்கை நீங்கலாக

ஆவுடையார்கோவில் என்றதும் கட்டடக் கலை தெரிந்தவர்கள் முதலில் சொல்வது கொடுங்கையை. மர உத்தரமும் குறுக்குச் சட்டமும் ஆணியும் என்று நம்பும்படி கல்லைச் செதுக்கிய கூரை விளிம்பு அது. கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும் சிற்பிகள் ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள் என்று செவிவழிச் செய்தி உண்டு. மற்றது எதையும் செய்து தருகிறோம், அதை மட்டும் கேட்காதீர்கள் என்பது பொருள். கையாலாகாதவன் அப்படி எழுத மாட்டான். தன் உளி எதுவரை போகும் என்று அறிந்தவனுக்கே அந்த வரி வரும்.

விளக்கு மாற்றும் வேலைக்கும் அப்படி ஒரு வரி தேவைப்படுகிறது. வால்வு ரேடியோக்களில் நிலையம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று காட்டும் பச்சைக் கண் ஒன்று உண்டு, ‘மேஜிக் ஐ’ என்பார்கள். 1935இல் அமெரிக்காவில் 6இ5 என்ற எண்ணோடு சந்தைக்கு வந்தது. பிறகு ஐரோப்பாவின் இஎம்80, இஎம்84 வந்தன. அது பல்பு அல்ல, வால்வு. எலக்ட்ரான் மோதிப் பச்சையாக ஒளிரும் பூச்சு நாளடைவில் சோர்ந்துவிடும். வால்வின் மற்ற பாகங்கள் நன்றாக இருந்தாலும் கண் மங்கிவிடும். அதற்கு வேறு வால்வு தேடலாம். ரஷ்யாவின் 6இ1பி, இஎம்80க்கு நெருக்கமானது. பின்னால் ஒரு பச்சை எல்இடியை ஒட்டி ‘எரிகிறது’ என்று காட்டுவதை மட்டும் செய்யக் கூடாது. அந்தக் கண்ணின் வேலை எரிவது அல்ல, சுருங்கி விரிவது. அதேபோல 1970களின் கடைசியில் வந்த நீலப்பச்சை ஃப்ளோரசன்ட் டிஸ்ப்ளேக்கள். ஒரு மாடலுடையது இன்னொன்றுக்குப் பொருந்தாது. போனால், அதே மாடலில் செத்த செட் ஒன்றைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் மங்கலோடு வாழ வேண்டும்.

எதை எங்கே

கேள்வியைச் சுற்றி வந்து பார்த்ததில் முடிவுகள் இவ்வளவுதான். முதலில் செட்டின் முதுகில் வோல்டேஜ் தேர்வை 240க்குத் திருப்புங்கள். ஹோல்டரைச் சுத்தம் செய்யுங்கள். டயல் நல்ல நிலையில் இருந்தால் அதே அளவு இழை பல்பு, கூடவே ஒரு சின்ன ரெசிஸ்டர். டயல் வெந்துபோயிருந்தால் வார்ம் வைட் எல்இடி, முறையான திருத்தியோடு. சொல்லும் விளக்கில் மின்னோட்டத்தைக் கூட்டாதீர்கள், பொய் சொல்ல விடாதீர்கள். உழைக்கும் விளக்கில் எண் மாறவே கூடாது. எதைச் செய்தாலும் கவ்வியை வளைக்காமல், சட்டத்தில் புதுத் துளை போடாமல், அடுத்தவர் திரும்பப் பழையதை வைக்க முடிகிறபடி செய்யுங்கள்.

இன்னும் ஒரு பழக்கம் உண்டு. பழைய மெக்கானிக்குகள் செட்டைத் திறந்தால் உள்ளே மரப்பலகையில் பென்சிலால் தேதி எழுதி வைப்பார்கள். இப்போது எங்கள் வீட்டு செட்டின் உள்ளேயும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. கழற்றிய பழைய பல்புகள் அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கவரில். சீட்டில் எழுதியிருப்பது: ‘டயல் பல்பு 3, மீட்டர் பல்பு 1 மாற்றியது. வோல்டேஜ் 240இல் வைத்தது. ஸ்டீரியோ பல்பு நீங்கலாக.’